கடைசியாக வந்த முதல் மாஸ்டர்

பொங்கலை ஒட்டி நம் சங்கத்தில் சிறுவர் சிறுமியருக்குச் சதுரங்கப் போட்டி நடத்தினோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. செம்பூரிலிருந்து வந்திருந்த பத்து வயதுப் பையன் ஒருவன், முதல் பரிசு பெற்ற பையனையே ஒரு சுற்றில் தோற்கடித்தான். ஆனால் மற்றச் சுற்றுகளில் எல்லாம் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போய்விட்டான். புறப்படும்போது அவன் அப்பா என்னிடம், "என்ன சார், மாசா மாசம் ஃபீஸ் கட்டி கிளாஸுக்கு அனுப்பறேன். கடைசியா வந்து நிக்கறானே!" என்று குறைப்பட்டுக்கொண்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு மானுவல் ஆரோன் நினைவுக்கு வந்தார். அந்தக் கூட்டத்தில் நின்று சொல்ல நேரமில்லை. அந்த அப்பாவுக்கும், அவரைப் போன்ற மற்றப் பெற்றோருக்கும் இங்கே சொல்கிறேன்.

பர்மாவில் பிறந்த தமிழர்

நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம் அவருடையது. 1935 டிசம்பர் 30 அன்று பர்மாவின் டவுங்கூ நகரில் பிறந்தார். வளர்ந்தது தமிழ்நாட்டில். பட்டப்படிப்பு அலகாபாத் பல்கலைக்கழகத்தில். 1959 முதல் 1981 வரையான காலத்தில் ஒன்பது முறை தேசிய சாம்பியன், பதினோரு முறை தமிழ்நாடு சாம்பியன். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். அர்ஜுனா விருது பெற்ற முதல் சதுரங்க வீரரும் அவரே.

இந்தச் சாதனையின் அருமை புரிய வேண்டுமானால், அன்று நம் வீடுகளில் என்ன ஆட்டம் ஆடினோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு ஆட்டமும் உலக ஆட்டமும்

மாட்டுங்காவில் எங்கள் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது நாட்டு முறை ஆட்டம். அதில் ராணி கிடையாது, மந்திரிதான். சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவுக்குக் கோட்டை கட்டும் வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக, செக் வாங்காமல் இருக்கும்வரை ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய், அந்த வரிசைக்கு உரிய காயாகத்தான் மாறும். யானை வரிசையில் போனால் யானை, குதிரை வரிசையில் போனால் குதிரை. ஊருக்கு ஊர் சிறு மாற்றங்களும் உண்டு.

நான் ரயில்வேயில் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மராட்டிய நண்பருடன் ஆட உட்கார்ந்தேன். நெருக்கடி வந்ததும் என் ராஜாவைக் குதிரை போலத் தாவ வைத்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றுதான் உலகம் ஆடும் ஆட்டம் வேறு என்று எனக்கு உறைத்தது.

இது வெறும் விதி வேறுபாடு அல்ல. சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தால் இரு படைகளும் மோத நேரம் ஆகும். அதுவரை நிதானமாக அணிவகுக்கலாம். சர்வதேச முறையில் சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் பாயலாம் என்பதால், நாலைந்து நகர்வுகளிலேயே மோதல் வந்துவிடும். முதல் பத்து நகர்வில் செய்த தவறைப் பிறகு திருத்துவது கடினம். ஆகவேதான் ஐரோப்பாவில் ஆட்டத் தொடக்கங்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். நாட்டு முறையில் பழகிய பஞ்சாபின் சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அவ்வளவு பெரிய மேதைக்கும் தொடக்க ஆட்டமே பலவீனமாக இருந்தது.

ஸ்டாக்ஹோம், 1962

ஆசிய அளவிலான தகுதிப் போட்டிகளில் வென்ற ஆரோன், 1962 தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஸோனல் போட்டிக்குப் போனார். உலக சாம்பியனுடன் மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் படிகளில் அது ஒன்று. 23 பேர், ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டங்கள். முதல் இடம் 18 வயது பாபி ஃபிஷருக்கு, 17½ புள்ளிகளுடன். கடைசி இடம் ஆரோனுக்கு.

பட்டியலை மட்டும் பார்ப்பவர் இங்கேயே நிறுத்திவிடுவார். ஆட்டங்களைப் புரட்டிப் பார்ப்பவருக்கு வேறொன்று தெரியும். அதே போட்டியில் ஆரோன் கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஊல்மனை வென்றார். ஹங்கேரியின் லாயோஷ் போர்டிஷையும் வென்றார்.

தோற்ற ஹங்கேரியர் யார்?

போர்டிஷ் 1937இல் பிறந்தவர், ஆரோனைவிட ஒரு வயது சிறியவர். ஹங்கேரியின் தேசிய சாம்பியன் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். உலக சாம்பியனின் எதிராளியைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் சுற்றை எட்டு முறை எட்டியவர். 1956 முதல் 2000 வரை இருபது ஒலிம்பியாடுகளில் தம் நாட்டுக்காக ஆடினார். 1978இல் புவெனஸ் அயர்ஸில் சோவியத் அணியைப் பின்னுக்குத் தள்ளி ஹங்கேரி தங்கம் வென்றபோது, முதல் பலகையில் உட்கார்ந்தவர் அவரே. நல்ல பாரிடோன் குரல் உள்ள பாடகரும்கூட.

அவரை 'ஹங்கேரியின் போட்வின்னிக்' என்பார்கள். போட்வின்னிக் என்ற சோவியத் உலக சாம்பியன், சதுரங்கத்தை விஞ்ஞானம் போல ஆராய்ந்து தயாரித்தவர். போர்டிஷும் அப்படியே. பெரும்பாலும் ராணிப் பக்கத்துச் சிப்பாயை நகர்த்தித் தொடங்குவார். வீட்டிலேயே ஆழமாக ஆராய்ந்த நிலைக்கு எதிராளியை இழுத்து வருவார். சின்னச் சின்ன அனுகூலங்களைச் சேர்த்துச் சேர்த்து, மெல்ல இறுக்குவார்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஓர் உதாரணம் சொல்கிறேன். வழியில் நின்றுபோன வண்டியைப் பழுது பார்ப்பது ஒரு திறமை. நின்றுபோகாதபடி, குறித்த காலத்தில் பணிமனைக்குக் கொண்டுவந்து, அச்சும் சக்கரமும் கழற்றிப் பார்த்து அனுப்புவது இன்னொரு திறமை. போர்டிஷ் இரண்டாவது வகை. ஆனால் வழியில் எதிர்பாராத புயல் அடித்தால் அவரும் தடுமாறுவார். 1965 கேண்டிடேட்ஸில் லாட்வியாவின் மிகயில் டால், அதிரடித் தாக்குதலுக்குப் பேர்போனவர், அவரை வீழ்த்தினார். உலகப் பட்டத்துக்கான ஆட்டத்தில் போர்டிஷ் கடைசிவரை உட்கார முடியவில்லை.

அப்படிப்பட்டவரை ஆரோன் ஒரு நாள் வென்றார் என்றால், திறமையில் குறைவில்லை என்றுதானே பொருள்? பின் ஏன் கடைசி இடம்? ஒரு நாள் வெல்லத் திறமை போதும். 22 ஆட்டங்கள் தாக்குப்பிடிக்கத் தயாரிப்பு வேண்டும், புத்தகங்கள் வேண்டும், தினமும் மோதிப் பழகத் தனக்குச் சமமானவர்கள் வேண்டும். அன்று இந்தியாவில் அவரைத் தவிர வேறொரு சர்வதேச மாஸ்டர்கூட இல்லை. அடுத்தவரான வி. ரவிகுமார் அந்தப் பட்டத்தைப் பெற்றது 1978இல்.

ஊர் திரும்பியபின்

ஆரோன் ஆடுவதை நிறுத்தவில்லை. 1960, 1962, 1964 ஒலிம்பியாடுகளில் இந்தியாவுக்காக ஆடினார். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் அவர் ஊரில் செய்தது. நாட்டு முறையை விட்டுச் சர்வதேச முறைக்கு வாருங்கள், தொடக்கங்களைப் படியுங்கள் என்று ஆட்டக்காரர்களிடம் ஓயாமல் சொன்னார். 1972இல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் ஒரு சதுரங்கக் கிளப்பைத் தொடங்கினார். போர்டிஷை வீழ்த்திய அதே டாலின் பெயர்தான் அதற்கு. சோவியத் புத்தகங்களும், பலகைகளும், கடிகாரங்களும் அங்கே கிடைத்தன. ஸ்டாக்ஹோம் போன நாளில் தமக்குக் கிடைக்காததை அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கச் செய்தார்.

அங்கே போன சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். அம்மா சுசீலாவிடம் ஆறு வயதில் ஆட்டம் கற்றவர். அப்பா நம் ரயில்வேக்காரர், தெற்கு ரயில்வேயில் பொது மேலாளராக இருந்தவர். அந்தக் கிளப்பில் மின்னல் வேக ஆட்டத்தில் ஜெயித்தவர் இடத்திலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். அப்படித் தோற்று எழுந்து, மறுபடி வரிசையில் நின்று பழகித்தான் ஆனந்த் வேகம் பெற்றார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், 2000இல் உலக சாம்பியன். இன்று நம் நாட்டில் கிராண்ட்மாஸ்டர்கள் எண்பதுக்கும் மேல்.

2024 செப்டம்பரில் ஒலிம்பியாட் நடந்த இடம் போர்டிஷின் ஹங்கேரி, புடாபெஸ்ட் நகரம். ஆண்கள் ஆடும் பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் இந்தியாவுக்குத் தங்கம். அணிகளில் சென்னைப் பிள்ளைகள் குகேஷ், பிரக்ஞானந்தா, அவர் அக்கா வைஷாலி. அதே டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது வயது 18. ஸ்டாக்ஹோமில் ஃபிஷருக்கும் அதே வயதுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போட்டி முடிந்து பிள்ளை வந்ததும் "எத்தனாவது இடம்?" என்று கேட்காதீர்கள். "நகர்வுகளை எழுதி வைத்தாயா?" என்று கேளுங்கள். எழுதி வைத்திருந்தால் உட்காரவைத்து, தோற்ற ஆட்டங்களைப் பலகையில் மறுபடி ஆடச் சொல்லுங்கள். எந்த நகர்வில் தவறினோம் என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும். உங்களுக்கு ஆட்டம் தெரிய வேண்டும் என்பதில்லை. கூட உட்கார்ந்தால் போதும். வென்ற ஆட்டம் ஒன்று இருந்தால் அதையும் ஆடிக் காட்டச் சொல்லுங்கள். அதுதான் அவனால் என்ன முடியும் என்பதற்குச் சாட்சி.

அடுத்த பொங்கல் போட்டிக்கும் கடிகாரத்தோடு நான் வருவேன். அந்தச் செம்பூர்ப் பையனும் கட்டாயம் வரவேண்டும். அவன் அப்பாவும்தான்.