கடலும் தட்டும் – 9: பச்சை நிறச் சிப்பிகள்

1986 ஜனவரி. தைவானின் தென்மேற்குக் கரையில், எர்ரென் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய சார்ட்டிங் பகுதி. அங்கே வளர்ந்த சிப்பிகளின் சதை பச்சைப் பசேலென்று மாறியிருந்தது. கூட்டம் கூட்டமாகச் செத்தும் போயின.

தைவான் மக்களுக்குச் சிப்பி அன்றாட உணவு. முட்டையும் கிழங்கு மாவும் கீரையும் சேர்த்துச் சுடும் சிப்பி ஆம்லெட், அந்நாட்டின் இரவுக் கடைத்தெருக்களுக்கே அடையாளம். தட்டுக்கு வரும் பண்டம் நிறம் மாறியதும் நாடே கலங்கியது.

காரணம் ஆற்றின் கரையிலேயே இருந்தது. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய பழைய மின்கம்பிகளும் சர்க்யூட் போர்டுகளும் அங்கே மலைபோல் குவிந்திருந்தன. தாமிரத்தைப் பிரித்தெடுக்கக் கம்பிகளை எரித்தார்கள். பலகைகளை அமிலத்தில் கழுவினார்கள். கழுவிய நீர் ஆற்றோடு போனது. அடுத்த சில ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில், உலர்த்திய சிப்பிச் சதையில் கிலோவுக்கு 4,400 மில்லிகிராம் வரை தாமிரம் இருந்தது தெரியவந்தது.

சிப்பிக்கு ஏன் இந்தக் கதி? மீனைப் போல அது வேறிடம் நீந்திப் போக முடியாது. ஒட்டிய இடத்திலேயே இருந்து, மணிக்குப் பல லிட்டர் நீரைச் செவுள் வழியாக இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்ப் பாசிகளைச் சலித்துத் தின்கிறது. பாசியோடு உலோகமும் உள்ளே போகிறது. நல்ல நீரில் ஓரிரு நாள் விட்டால் சிப்பியிலுள்ள பாக்டீரியாக்கள் பெருமளவு வெளியேறிவிடும். உலோகம் வெளியேற வாரங்கள், மாதங்கள் ஆகும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது.

தாமிரமாவது பச்சை நிறத்தால் தன்னைக் காட்டிக் கொடுத்தது. காட்மியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. நிறமும் மாறாது, ருசியும் மாறாது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் மீனும் சிப்பியும் உண்ட குடும்பங்களை முடக்கியது மெத்தில் பாதரசம். 1956-இல் முதல் நோயாளிகள் பதிவானபோது, உணவில் நஞ்சு இருந்ததை அவர்கள் கண்ணாலோ நாக்காலோ அறிந்திருக்க வழியே இல்லை.

ஆகவே பரிசோதனை ஒன்றே வழி. சிப்பிகளையே கடலின் காவலாளிகளாக வைத்து ஆண்டுதோறும் சோதிக்கலாம் என்று 1975-இல் யோசனை சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பர்க். சார்ட்டிங் சிப்பிகள் பச்சையான அதே 1986-இல், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு அந்தத் திட்டத்தை நாட்டின் கரை முழுவதும் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம், இருவோட்டுச் சிப்பிகளில் காட்மியம் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதென்று வரம்பு விதித்திருக்கிறது.

தைவானோ இன்னொரு முறையும் அடிபட்டது. 1990-களில் வடமேற்கே, சின்ச்சு தொழில் நகரை ஒட்டிய சியாங்ஷான் கரையிலும் பச்சைச் சிப்பிகள் தென்பட்டன. இந்த முறை வந்தது பழைய கம்பிகளின் கழிவு அல்ல, புதிய தொழிற்சாலைகளின் கழிவு. ஆற்றில் கலக்கும் இடத்திலேயே கழிவைச் சோதித்துத் தடுத்திருந்தால் இரண்டு கரைகளும் தப்பியிருக்கும். அந்தப் பொறுப்பு ஆலைக்கும் அரசுக்கும் உரியது. சிப்பி வளர்ப்பவர் தலையிலோ வாங்கி உண்பவர் தலையிலோ அதைச் சுமத்துவது அநியாயம்.

(தொடரும்)