நீச்சல் குளத்துக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார்? பெரிசு போட்டால் என்ன ஆகும்?

“ரெண்டு ஹெச்.பி. போட்டுடலாம் சார், தண்ணி ஃபோர்ஸா வரும்.” வீட்டில் நீச்சல் குளம் கட்டுகிறவர்கள் பலரும் கேட்கும் யோசனை இது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிப் பழகிய நமக்கு அது சரி என்றே தோன்றும். ஆனால், குளத்து மோட்டாரின் வேலையே வேறு.

மேல்தொட்டி மோட்டார் தண்ணீரை 30, 40 அடி உயரத்துக்குத் தூக்க வேண்டும். குளத்து பம்ப் அப்படி எங்கேயும் தூக்குவதில்லை. உறிஞ்சிய தண்ணீரை மணல் ஃபில்டர் வழியாகத் தள்ளி, அதே குளத்துக்கே திருப்பி விடுகிறது. பைப், பெண்டு, வால்வு, ஃபில்டர் மணல் எல்லாம் கொடுக்கும் தடையைச் சமாளிக்கத்தான் அதன் சக்தி செலவாகிறது. சாதாரண வீட்டுக் குளத்தில் இந்தத் தடை பெரும்பாலும் 8 முதல் 12 மீட்டர் ‘ஹெட்’ வரைதான்.

கணக்குப் போடுவது எப்படி?

ஹெச்.பி.யில் தொடங்காதீர்கள், லிட்டரில் தொடங்குங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் ஏறக்குறைய 45,000 லிட்டர் பிடிக்கும். இந்த மொத்த அளவும் ஒருமுறை ஃபில்டரைக் கடந்துவர ஆகும் நேரம்தான் ‘டர்ன்ஓவர்’. வீட்டுக் குளத்துக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். 6 மணி நேரம் என்று வைத்தால், மணிக்கு 7,500 லிட்டர்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “10 மீட்டர் ஹெட்ல மணிக்கு எவ்ளோ லிட்டர் தள்ளும்?” அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘அதிகபட்ச’ அளவு, தடையே இல்லாதபோது கிடைப்பது. அதை நம்பி வாங்கக் கூடாது. இந்த உதாரணக் குளத்துக்குப் பொதுவாக முக்கால் ஹெச்.பி. போதும்.

வீட்டு மோனோபிளாக் மோட்டாரையே மாட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். முடி, இலை தங்கும் கூடை அதில் இருக்காது. குளோரின் தண்ணீரில் இரும்புப் பாகங்கள் சீக்கிரம் அரித்துவிடும்.

பெரிசு போட்டால்?

முதலில் கரன்ட் பில். முக்கால் ஹெச்.பி. பம்ப் தினம் 8 மணி நேரம் ஓடினால் சுமார் 6 யூனிட். 2 ஹெச்.பி. என்றால் சுமார் 15 யூனிட். தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 540 யூனிட் கூடுதல். யூனிட் ஏற ஏற ஸ்லாப் விலையும் ஏறும்.

தண்ணீராவது பளிச்சென்று இருக்குமா? அதுவும் சந்தேகம்தான். ஒவ்வொரு ஃபில்டரும் மணிக்கு இவ்வளவு தண்ணீரைத்தான் வாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. அது ஃபில்டரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டித் தள்ளினால் தண்ணீர் மணலைத் துளைத்துக்கொண்டு ஓடும், அழுக்கு திரும்பக் குளத்துக்கே வந்துவிடும். அதற்காக ரொம்பச் சின்னதாகவும் போட முடியாது. ‘பேக்வாஷ்’ செய்யும்போது மணலைக் கிளறிவிடும் வேகம் வேண்டுமே.

பெரிய பம்பை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? வெளியேறும் பக்கத்து வால்வைப் பாதி மூடி வைப்பதால் பில் பெரிதாகக் குறையாது. சுற்றும் வேகத்தையே குறைக்க வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரும் பாதியாகும்; ஆனால், தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மடங்கு நேரம் ஓடினாலும் லாபம்தான். ‘வேரியபிள் ஸ்பீடு’ பம்ப் விலை அதிகமாக இருந்தும் ஆட்கள் வாங்குவது இதனால்தான்.

குழந்தைகள் இருக்கும் வீடா?

பில்லைவிடப் பெரிய விஷயம் இது. பம்ப் உறிஞ்சுவது குளத்தின் அடியில் உள்ள ‘டிரெய்ன்’ வழியாகவும்தான். அதன் மூடி உடைந்திருந்தாலோ, இருப்பது ஒரே டிரெய்ன் என்றாலோ, அதன்மேல் படும் உடலோ முடியோ சிக்கிக்கொள்ளலாம். பம்ப் பெரிதானால் இழுக்கும் விசையும் கூடும். 2002-ல் அமெரிக்காவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் டிரெய்னில் இப்படிச் சிக்கி இறந்தாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். பாதுகாப்பான டிரெய்ன் மூடிகளைப் பொதுக் குளங்களில் கட்டாயமாக்கும் சட்டம் 2007-ல் அவள் பெயரிலேயே வந்தது.

எனவே, ஒரே பம்புக்கு இரண்டு டிரெய்ன்கள், அவற்றுக்கு நடுவே குறைந்தது 3 அடி இடைவெளி, தட்டையாக இல்லாமல் மேல்நோக்கி வளைந்த மூடி என்று கான்ட்ராக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், மூடியின் திருகாணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உடைந்திருந்தால் பம்பை ஆஃப் செய்துவிட்டு, புது மூடி போடும்வரை யாரையும் உள்ளே இறக்க வேண்டாம்.