டப்பாவில் ஒரு கணக்கு, உடலில் வேறு கணக்கு

இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. தூக்கம் கெடுகிறது. மறுநாளே மருந்துக் கடையில் மெக்னீசிய மாத்திரை. டாக்டர் சீட்டு தேவையில்லை. இந்தியாவில் இவற்றில் பெரும்பாலானவை மருந்தாக அல்ல, உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகின்றன.

குழப்பம் டப்பாவிலேயே தொடங்குகிறது. '1,000 மி.கி. மெக்னீசியம் கிளைசினேட்' என்றால் அது உப்பின் எடை. அதில் மெக்னீசியம் மட்டும் சுமார் 140 மி.கி.தான். கவனிக்க வேண்டியது, பொடி எழுத்தில் இருக்கும் 'எலிமெண்டல்' அளவை. விலை மலிவான ஆக்சைடில் 60 சதவீதம் மெக்னீசியம் இருந்தாலும் உடலில் சேர்வது சொற்பம்; பலருக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம். சிட்ரேட் அதைவிட நன்றாகச் சேரும். கிளைசினேட் வயிற்றை அவ்வளவாகப் படுத்தாது.

உணவில் கிடைப்பது போக, மாத்திரையாகப் பெரியவர்களுக்கு நாளுக்கு 350 மி.கி. என்பது அமெரிக்க உச்சவரம்பு, ஐரோப்பாவில் 250. நல்ல சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தத்தில் தேங்கினால் ரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு தடுமாறும். எனவே சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகள் பலவற்றிலும் மெக்னீசியம் உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி அவசியம். சில ஆன்டிபயாடிக்குகளின் வேலையையும் இது கெடுக்கும்.

இத்தனைக்கும், முதியவர்களின் கெண்டைக்கால் பிடிப்புக்கு இதனால் சொல்லும்படி பலன் இல்லை என்கிறது 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. மெக்னீசியம்தான் வேண்டுமென்றால் கேழ்வரகிலும் கீரையிலும் நிலக்கடலையிலும் தாராளமாக இருக்கிறது. பொடி எழுத்தைப் படிக்கும் வேலையும் இல்லை.