உதிர்வது நல்லதா, கெட்டதா?

மாணவர்களே, ஆங்கிலத்தில் 'ஃபிரையபிள்' என்றொரு சொல் உண்டு. விரலால் அழுத்தினாலே பொடிந்து உதிரும் பொருளை அது குறிக்கும். கண்ணாடிக்கு இச்சொல் பொருந்தாது. கண்ணாடி துண்டு துண்டாக உடையும், கையில் பொடியாகாது.

தோட்ட மண் பொலபொலவென உதிர்ந்தால் நல்லது. வேர் எளிதாகப் பரவும். காற்றும் நீரும் உள்ளே செல்லும்.

கல்நார் உதிர்ந்தால் ஆபத்து. முன்பு வெப்பக் குழாய்களைச் சுற்றிப் பூசிய கல்நார்ப் பூச்சு இவ்வகையே. கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் நுரையீரலில் தங்கி, பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கலாம். கல்நார் சிமெண்டுக் கூரைத் தகடு கையால் பொடியாகாது. ஆனால், அறுத்தாலோ துளையிட்டாலோ அதிலிருந்தும் இழைகள் வெளிவரும்.

பழைய கூரைத் தகடு உடைந்து கிடந்தால் தொடாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.