கோடு கிழிப்பவர் யார்?

பிரஜைகள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதே ஜனநாயகம். பிரதிநிதிகள் தமக்கு வேண்டிய பிரஜைகளைப் பொறுக்கியெடுத்துக் கொள்ளும் விந்தையை அமெரிக்காவில் காண்கிறோம். 1812-ம் ஆண்டில் மாஸசூஸெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி, தம் கட்சிக்கு அனுகூலமான தொகுதிப் பிரிவினை மசோதாவில் கையொப்பமிட்டார். அதில் ஒரு தொகுதி ஸாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியின் உருவில் வளைந்து நெளிந்து கிடந்தது. பத்திரிகைகள் அதை 'ஜெர்ரிமாண்டர்' என்று பரிகசித்தன. கவர்னர் மறைந்தார், அவர் பெயரால் எழுந்த சொல் நிலைத்துவிட்டது.

இதன் தந்திரம் எளியது. எதிர்க்கட்சியின் ஓட்டர்களைச் சில தொகுதிகளில் மொத்தமாக அடைத்துவிடுவது; எஞ்சியோரைப் பல தொகுதிகளில் சிதற அடிப்பது. ஓட்டுப் பெட்டி திறக்கப்படுமுன்பே முடிவு நிச்சயமாகிவிடும்.

இவ்வநீதிக்குப் பரிகாரம் தேடி நீதிமன்றம் சென்றவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1946-ல் இல்லினாய்ஸ் தொகுதிகளின் ஏற்றத்தாழ்வு பற்றிய வழக்கில், நீதிபதிகள் அரசியல் புதருக்குள் நுழையலாகாது என்று ஜஸ்டிஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் கூறிவிட்டார். ஆயினும் சில அநீதிகள் கண்ணை மூடிக்கொண்டாலும் மறைவதில்லை. 1957-ல் அலபாமா சட்டசபை, சதுர வடிவிலிருந்த டஸ்கீகி நகரின் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட கோணல் உருவாக மாற்றியது. நகரில் ஓட்டுரிமை பெற்றிருந்த சுமார் 400 கறுப்பு இனத்தவரில் நாலைந்து பேர் தவிர அனைவரும் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டனர். வெள்ளையரில் ஒருவர்கூட வெளியே போகவில்லை! அந்நகரத்துப் பேராசிரியர் கோமில்லியன் முதலியோர் வழக்காடினர். 1960-ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதியவர் அதே ஃபிராங்க்ஃபர்ட்டர்தாம்.

திறந்த கதவு மேலும் அகன்றது. 1901-க்குப் பின் தொகுதிகளைத் திருத்தாதிருந்த டென்னஸி ராஜ்யத்தின் மீதான வழக்கை 1962-ல் சுப்ரீம் கோர்ட் விசாரணைக்கு உரியதென்று ஏற்றது. 1964-ல், சட்டசபைத் தொகுதிகளின் ஜனத்தொகை சமமாயிருத்தல் வேண்டுமென்று விதித்தது.

ஆனால் 2019-ல் கதவு மீண்டும் சாத்தப்பட்டது. வட கரோலினாவில் 2016-ல் நூற்றுக்கு 53 ஓட்டுப் பெற்ற ரிபப்ளிகன் கட்சி, காங்கிரஸின் பிரதிநிதி சபைக்குரிய 13 ஸ்தானங்களில் 10-ஐக் கைப்பற்றியது. மேரிலாந்தில் டெமாக்ரட்டுகளும் இதே வேலையைச் செய்தனர். இரு வழக்குகளையும் சேர்த்து விசாரித்த சுப்ரீம் கோர்ட், இவ்வழக்கம் ஜனநாயகத்துக்கு ஒவ்வாததென்று ஒப்புக்கொண்டும், அதை அளப்பதற்குத் தக்க கோல் தன்னிடம் இல்லையென்று ஐவருக்கு நால்வராகக் கையை விரித்தது. நோயை அறிவேன், மருந்து தரமாட்டேன் என்று வைத்தியர் சொன்னால் நோயாளி எங்கே போவான்?

ராஜ்யக் கோர்ட்டுகளுக்குப் போகலாம் என்பர். வட கரோலினாவின் உயர்ந்த நீதிமன்றம் 2022-ல் இத்தகைய பிரிவினையைத் தள்ளியது. அவ்வாண்டுத் தேர்தலில் நீதிபதிகள் மாறினர்; 2023-ல் தீர்ப்பும் மாறிற்று. நீதிமன்றம் விலகிக்கொண்ட இடத்தில் பழிக்குப் பழி புகுந்தது. 2025-ல் டெக்ஸாஸ் சட்டசபை, ஜனக்கணக்கு எடுக்கும் காலத்துக்குக் காத்திராமலே ரிபப்ளிகன் கட்சிக்காகத் தொகுதிகளை மாற்றியது. கலிபோர்னியாவோ பிரஜைகளின் கமிஷன் வரைந்த நேர்மையான தொகுதிகளைத் தாற்காலிகமாக ஒதுக்கி, எதிர்க்கோடு கிழித்தது.

வழக்குத் தொடர உரிமையில்லாத அநீதி, பிரதிவாதியையும் அநீதி செய்யக் கற்பிக்கும். தம் வயலின் வரப்பைத் தாமே வெட்டுகிறவர் அண்டை நிலத்தை விட்டுவைப்பதில்லை. எல்லைக்கோடு இடும் கோல், ஆதாயமடைவோர் கையிலிருந்து நீங்கவேண்டும். அது நீங்கும்வரை, குடிமகனின் முறையீட்டைக் கேட்கும் கடமையிலிருந்து நீதிபதிகள் தப்ப முடியாது என்பதே நமது திடமான அபிப்பிராயம்.