திரவத்தில் திரளும் நனோத் துணிக்கைகள்: கலக்கலின் எல்லை

நனோத் துணிக்கைகளின் பயன் அவற்றின் சிறுமையிலேயே தங்கியுள்ளது. ஆயின், தூளாகக் கிடைக்கும் அவை திரவத்தில் இடப்பட்டதும் தனித்தனியாகப் பிரிவதில்லை. வந்தர்வாலின் விசைகளாற் கவரப்பட்டுத் திரள்களாகவே கிடக்கின்றன. கலக்கியின் வேகத்தைக் கூட்டினால் இத்திரள்கள் யாவும் உடைந்துவிடும் என்னும் எண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

திரவம் விரைவாகக் கலக்கப்படும்போது பெருஞ்சுழிகள் சிறுசுழிகளாகச் சிதைகின்றன. ஈற்றில் அவற்றின் சக்தி பிசுக்குமையால் வெப்பமாக மாறுகின்றது. மிகச்சிறு சுழியின் பருமனை, சோவியத் கணிதவியலாளர் கொல்மொகோரொவ் 1941இல் வகுத்த கொள்கையைக் கொண்டு கணிக்கலாம். ஒரு கிலோகிராம் நீருக்கு 1 வாற்று வலு செலவாகும்போது அது ஏறத்தாழ 30 மைக்கிரோமீற்றர். 10,000 வாற்றுச் செலவாகும்போதும் 3 மைக்கிரோமீற்றர் அளவிலேயே நிற்கும். ஆகவே, அதனினும் சிறிய திரளைச் சுழிகள் மோதி உடைப்பதில்லை. திரள் சுழியினுள் அடங்கி, வெவ்வேறு வேகத்தில் ஓடும் திரவப் படைகளுக்கிடையே இழுபடுகின்றது. இத்தகைப்பு வலுவின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகும். அதனை இரட்டிக்க வலு நான்கு மடங்காக வேண்டும்.

சிலிக்கன் நாற்குளோரைட்டைச் சுவாலையிலிட்டுப் பெறும் சிலிக்காத் தூள் இதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ 10 நனோமீற்றர் அளவான அதன் மூலத் துணிக்கைகள் சுவாலையிலேயே உருகிப் பிணைந்து இறுகிய கொத்துகளாகின்றன. இக்கொத்துகள் பின்னர் நலிந்த விசைகளாற் சேர்ந்து பெருந்திரள்களாகின்றன. அதிவேகமாகச் சுழலும் தலைப்பும் அதனை நெருங்கிச் சூழ்ந்த அசையாத் துளைவளையமும் கொண்ட கலக்கி, பெருந்திரளைப் படிப்படியாக அரித்துக் கொத்துகளாக்கும். உருகிப் பிணைந்த கொத்தினை அது பிரிப்பதில்லை.

உடைந்தவை மீளத் திரளாதிருத்தலும் வேண்டும். இதனைத் தீர்மானிப்பது கலக்கியன்று, துணிக்கையின் மேற்பரப்பே. சிறிது காரமான நீரிற் சிலிக்கா மறையேற்றம் பெறுவதால் கொத்துகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. உப்பு மிகுந்தால் அத்தள்ளுகை நலிந்து அவை மீண்டும் திரள்கின்றன.

எனவே, வேகத்தை மட்டும் கூட்டுதல் சக்தியை வெப்பமாக விரயஞ் செய்வதிலேயே முடியலாம். மூலத் துணிக்கையின் பருமனை மாத்திரம் காட்டி ஒரு பண்டத்தை ‘நனோ’ எனக் கூறுவதையும் நாம் வினாவின்றி ஏற்றல் ஆகாது. நச்சுத்தன்மை பற்றிய ஆய்வாயினும் உற்பத்தியாயினும், திரவத்தினுள் உண்மையில் அளக்கப்பட்ட பருமன் யாது என்பதே நாம் முதலிற் கேட்க வேண்டிய வினாவாகும்.