கூந்தல் நேராகிறது; வழக்கு நீள்கிறது



புளியங்குடி என்றதும் எலுமிச்சை நினைவுக்கு வரும். அந்த எலுமிச்சையைப் பிழிந்து மருதாணி குழைத்து, சீயக்காய் அரைத்து மணப்பெண்ணை நீராட்டிய காலத்தை நம் வீட்டு மூத்த பெண்மணிகள் இன்றும் சொல்லக் கேட்கலாம். இப்போதோ, நிக்காஹ் நாள் குறித்ததும் அடுத்துக் குறிக்கப்படுவது பியூட்டி பார்லருக்குப் போகும் நாள். 'ஸ்மூத்தனிங்', 'ஸ்ட்ரெய்ட்டனிங்', 'கெரட்டின்' ஆகிய பெயர்கள் நம் வீட்டுப் பெண்களின் பேச்சில் பழகிவிட்டன. பெண் பார்க்க வந்தவர்களில் யாரோ ஒருவர் சுருள் முடியைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லுக்காக ஆயிரக்கணக்கில் ரூபாய் செலவாகிறது. முக்காட்டுக்குள் இருக்கப்போகும் கூந்தலுக்குத்தான் இத்தனை பாடு!

போகட்டும், அழகை விரும்புவது குற்றமன்று. ஆனால், பார்லரில் ஒரு கிண்ணத்தில் குழைத்துத் தலையில் பூசுகிறார்களே, அது என்னவென்று எப்போதேனும் கேட்டிருக்கிறீர்களா?

முடியின் சுருளைத் தாங்கி நிற்பது அதன் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகள். சில பசைகள் கடுங்காரத்தாலோ வேறு இரசாயனத்தாலோ அவற்றை அறுக்கின்றன. வேறு சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு வெளிப்படுகிறது. மருத்துவக் கல்லூரிகளில் உடலுறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் இருப்பதும் அதுவே. சூடான இரும்பு முடியில் படும்போது எழும் புகையில் கண் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது.

2022 அக்டோபரில் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. முடியை நேராக்கும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு என்றும், ஓராண்டில் நான்கு முறைக்குமேல் பயன்படுத்தியவர்களில் அது 4.05 விழுக்காடு என்றும் அவர்கள் கணித்தனர். அதே மாதத்தில் முதல் வழக்கு தொடரப்பட்டது. 2023 முதல் வழக்குகள் சிகாகோ நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் பெருகின. வழக்காடுவோரில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். சுருள் முடியோடு அலுவலகம் சென்றால் மதிப்பில்லை என்ற நிலைக்கு அஞ்சிச் சிறுவயது முதல் இந்தப் பசையைப் பூசி வந்தவர்கள் அவர்களில் பலர்.

எங்கோ அமெரிக்காவில் நடப்பது நமக்கெதற்கு என்கிறீர்களா? எதிர்வாதிகளில் லோரியால் போன்ற அயல்நாட்டு நிறுவனங்களோடு நம் நாட்டு டாபரின் துணை நிறுவனங்களும் உள்ளன. தேனும் தைலமுமாக நம் அலமாரிகளில் இருக்கும் அதே டாபர்தான். அது விலைக்கு வாங்கிய நமஸ்தே லாபரட்டரீஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆலிவ் எண்ணெயின் பெயரில் முடி நேராக்கும் பசை விற்றுவந்தது. ஏறத்தாழ 5,400 வழக்குகள் தன் துணை நிறுவனங்கள்மீது உள்ளன என்று 2023 அக்டோபரில் டாபர் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை, முழுமையற்ற ஆய்வை நம்பியவை என்பது அதன் வாதம்.

அந்த வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஆய்வு காட்டுவது தொடர்பைத்தான். இன்னாருக்கு இந்தப் பசையால்தான் நோய் வந்தது என்று அது நிறுவவில்லை. திருமணத்துக்காக ஒருமுறை செய்துகொண்டவர் இதைப் படித்து இரவெல்லாம் உறக்கம் கெட வேண்டியதில்லை.

ஆனால், ஒரேநாளில் தெரியும் தீங்கும் உண்டு. 2024 மார்ச்சில் பிரெஞ்சு மருத்துவர்கள் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினர். 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் அவருக்கு வாந்தி, காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரகமும் பழுதுற்றது. அவர் தலையில் பூசிய பசையில் 10 விழுக்காடு கிளையாக்ஸிலிக் அமிலம் இருந்தது. அது தோல்வழி உட்புகுந்து, உடலில் ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிகிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாகப் பல பசைகளில் சேர்க்கப்படுவது இந்த அமிலமே! எனவே 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று பார்லரில் சொல்வதை மட்டும் நம்பித் தலையை நீட்டிவிடாதீர்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவர், விற்றவர், சேவை செய்தவர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்க வழி செய்கிறது. நீங்கள் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இன்றியும், 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இல்லாதது சாட்சியம்தான். பெரிய டப்பாவிலிருந்து கிண்ணத்துக்கு மாறிய பசைக்குப் பெயரேது? ரசீது கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே, பூசுமுன் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, உட்பொருள் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தேதியிட்ட ரசீது வாங்குங்கள். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் அன்று வேண்டாம். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் தவிர்த்துவிடுவது நலம். செய்துகொண்டபின் வாந்தியோ முதுகுவலியோ வந்தால், மருத்துவரிடம் தலையில் பூசியதையும் மறவாமல் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வது என்று இருந்துவிடாதீர்கள், அவருக்கு அது தோன்றாமலே போகலாம்.

டப்பாவைக் காட்ட மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், எழுந்து வர நம் பெண்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.